பெண் பார்க்க வரும் வீடு

"ஜமுக்காளத்தை விடுடி!"

மல்லம்மா இழுத்த இழுப்பில் மகேஸ்வரி சுவரில் போய் மோதினாள். காலையில்தான் விரித்த புது ஜமுக்காளம். அதில் உட்கார வேண்டியவர்கள் ஹனூரிலிருந்து பஸ்ஸில் வந்து சேரும் நேரம் அது.

மூன்று நாளாக அந்த வீடு மாப்பிள்ளை வீட்டாருக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் பூசிய கொத்தனார் பழனி, முதல் தடவையாகத் தன் வீட்டுச் சுவருக்கு நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்தான். மகேஸ்வரி நாலு நாற்காலி இரவல் வாங்கினாள், தலையணைக்கெல்லாம் உறை தைத்தாள். மகள் சொர்ணலதாவுக்கு இருபத்தாறு வயது. இரண்டு இடம் தட்டிப்போன பிறகு அமைந்த இடம் இது.

சந்து முழுக்கச் சொன்ன மகேஸ்வரி, பக்கத்து வீட்டு மல்லம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. குழாயடியில் ஆரம்பித்த சண்டை பதினோரு வருஷமாக ஓயவில்லை.

நேற்று வரை மைசூரின் மண்டி மொஹல்லா அமைதியாகத்தான் இருந்தது. விடிந்ததும் காவிரித் தகராறு இங்கேயும் பற்றிக்கொண்டது. விருந்தாளிகளை அழைத்து வர பஸ் ஸ்டாண்டுக்குப் போன பழனி திரும்பவில்லை. சந்து முனையில் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டபோது, உள்ளே வந்தது மல்லம்மா. கையில் கடப்பாரை.

"அக்கா, வயசுப் பொண்ணு இருக்கா. உன் கால்ல விழறேன்க்கா."

"பதினோரு வருஷமா இல்லாத அக்கா, இன்னிக்கு எங்கேருந்துடி வந்தா?"

விட்டாள் ஓர் அறை. மகேஸ்வரியின் உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது. அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சமையலறைக்குள் தள்ளினாள். பின்னாலேயே சொர்ணலதாவும் வந்து விழுந்தாள்.

"பாயி முச்சு! வாயிலேருந்து ஒரு சத்தம் வந்தது, மண்டையைப் பொளந்துடுவேன்."

கதவு சாத்தப்பட்டது. வெளியே பூட்டு விழுந்தது.

கதவு இடுக்கில் கண்ணை வைத்தாள் மகேஸ்வரி. மல்லம்மா முதலில் கொள்ளையடித்தாள். முக்காலியில் மூடி வைத்திருந்த கேசரி, அடுக்கி வைத்த தட்டு, டம்ளர், ஜமுக்காளம், தலையணை என்று ஒவ்வொன்றாக முற்றத்துக்கு எடுத்துப்போய், ஆளுயரச் சுவருக்கு மேல் கொடுத்தாள். அந்தப் பக்கம் அவளுடைய மருமகளின் வளையல் கைகள் வாங்கிக்கொண்டன.

"சிந்தாம வாங்குடி, கழுதை!"

பிறகுதான் கடப்பாரை ஓங்கியது. நிலைக்கண்ணாடி சிதறியது. இரவல் நாற்காலிகள் கால் வேறு கை வேறாகக் கிடந்தன. டிரங்குப் பெட்டியை உதைத்துத் திறந்து துணிகளைத் தெருவில் வீசினாள். வாசல் கதவைக் கீலோடு பெயர்த்துச் சாய்த்தாள். கடைசியாக நீலச் சுவரில் நாலு இடத்தில் குத்தினாள். காரை பொலபொலவென்று கொட்டியது.

"அப்பா அடிச்ச சுவரும்மா" என்று சொர்ணலதா முணுமுணுத்தாள். மகேஸ்வரி அவள் வாயைப் பொத்தினாள்.

கட்டைகளோடு பத்துப் பதினைந்து பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். "எல்லி அவ்ரு?" என்று ஒருவன் கத்தினான். அவர்கள் எங்கே என்று கேட்கிறான். இருபது வருஷ மைசூர் வாழ்க்கையில் மகேஸ்வரிக்குப் புரியாத கன்னடம் இல்லை.

"முதல்ல வந்தவ நான்" என்று மல்லம்மா கன்னடத்தில் சீறினாள். "இனி இது என் மகன் குடியிருக்கப் போற வீடு. போங்கடா."

"அந்தப் பூட்டின கதவு?"

"அதுக்குள்ள இருக்கறது என் பங்கு. எவனாவது கை வச்சான், கை இருக்காது."

மகேஸ்வரி ஒரு கையால் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஒருவன் மண்ணெண்ணெய் டின்னின் மூடியைத் திருகினான். மல்லம்மா கடப்பாரையின் கூர் முனையை அவன் நெஞ்சில் வைத்தாள். "ஒட்டுச் சுவர் என் வீடு. தீக்குச்சியைக் கிழி, உன்னைக் குத்திச் சாய்ச்சுடறேன்."

"அஜ்ஜி நம்மளையே தூக்கிச் சாப்பிட்டுட்டா" என்று ஒருவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். கூட்டம் அடுத்த தெருவுக்கு நகர்ந்தது.

உடைந்த கண்ணாடிமேல் காலடிச் சத்தம் சமையலறையை நோக்கி வந்தது.

மகளைப் பின்னால் தள்ளிவிட்டு, மகேஸ்வரி அம்மிக் குழவியைத் தூக்கினாள். கூட்டம் போன பிறகு தனியாக வருகிறாள். தன் பங்கை எடுக்க வருகிறாள். வரட்டும்.

பூட்டு திறந்தது. கதவு முழுதாகத் திறப்பதற்குள் குழவியை இறக்கினாள்.

மல்லம்மாவின் தோளில் எலும்பு முறியும் சத்தம் இருவருக்குமே கேட்டது. கடப்பாரை கைநழுவி விழுந்தது. அவள் நிலையைப் பிடித்தபடி சரிந்து, தரையில் உட்கார்ந்தாள்.

மகேஸ்வரி மறுபடி ஓங்கினாள். மல்லம்மா தடுக்கக் கை தூக்கவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொர்ணலதாவைக் கால் முதல் தலை வரை பார்த்தாள்.

"எல்லாத்தையும் சொல்லிட்டுச் செய்ய நேரம் எங்கடி இருந்தது?" என்று மூச்சு வாங்கினாள். "பஸ் ஸ்டாண்டுலேருந்தே என் மகன் கூட்டிட்டு வந்துட்டான். சீக்கிரம் பொண்ணுக்குத் தலை வாரு, பழனியும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் எங்க வீட்ல காத்துட்டிருக்காங்க."