பூவேலைச் சட்டம்

தேயிலைத் தோட்டத்து லய வீட்டுச் சுவரில் மொட்டையாகத் தொங்கிய கண்ணாடிக்கு, மனைவி பாக்கியம் எடுத்துக் கொடுத்த பூவேலைச் சட்டத்தைப் பொருத்தி மாட்டினான் சிவனு.

"அளவெடுத்த மாதிரி இருக்கே! ஏது புள்ள இது?"

"பலாங்கொடையில செஞ்சதுங்க."

"இந்தக் கண்ணாடிக்கா?"

பாக்கியம் திரும்பி அடுப்பை ஊதினாள். அவன் விடவில்லை.

"உங்க படத்துக்குத்தாங்க" என்றாள். "கொழும்புல உங்களைப் புடிச்சுக்கிட்டுப் போயி மூணு வருசமா தகவலே இல்ல. செத்துட்டீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. படத்துக்கு மாலை போடணும்னு எங்கண்ணன் செஞ்சு குடுத்துச்சு. எனக்கு மனசு வரல. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் பொட்டிக்குள்ளேயே வச்சிருந்தேன்."

சட்டத்துக்குள் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சிவனு சிரித்தான்.

"படம் நல்லாத்தான் இருக்கு. வா, நீயும் பக்கத்துல நில்லு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் வந்து நின்றாள்.