அத்தை சொல்லாத பொய்

"ஒரே ஒரு பொய்ம்மா. சொன்னா நாக்கு அழுகிப் போயிடுமா?"

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, மருமகள் எதிரிலேயே அத்தையிடம் கெஞ்சினான் மகன். ஹாலில் மாமாவின் உடல். பக்கத்து நாற்காலியில், பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவர் பதிலுக்காக உட்கார்ந்திருந்தார்.

பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்த மாமா, மதத்தை விட்டு விலகிப் பல வருஷமாகிவிட்டது. விலகினவருக்குச் சடங்கும் கிடையாது, கூடத்துக் கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. ஆனால், உயிர் போகும்போது மதத்தின் நம்பிக்கை வாசகத்தைச் சொன்னார் என்று மனைவி ஒரு வார்த்தை சாட்சி சொன்னால் போதும். எல்லாம் ஜாம் ஜாமென்று நடந்துவிடும்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் அத்தை, பேத்தியின் பாலை ஆற்றிக்கொண்டே.

மருமகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. காய்ச்சல் அடித்தாலும் போர்த்திக்கொண்டு பிரார்த்தனைக்கு ஓடுகிற அத்தையா இது?

மகன் மனைவி பக்கம் திரும்பினான். "நீயும் பக்கத்துலதானே இருந்தே? அப்பா கடைசியா என்ன சொன்னார்?"

"ஃபேனைக் குறைக்கச் சொன்னாருங்க."

"உன்னைக் கேட்டேன் பாரு!"

அத்தை லேசாகச் சிரித்துவிட்டாள். கண் மட்டும் நனைந்திருந்தது. "ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் திறந்த மனுஷன்டா. அவர் வாயைத் திறந்து அந்த வாசகத்தை வரவழைக்க என்னாலேயே முடியலை. செத்தப்புறம் திணிக்கணுமாக்கும்?"

"உன்கூட வந்து கும்பிடலைங்கிற கோபத்தை இப்போ தீர்த்துக்கறே. அதானே?"

அத்தை பாலை இன்னொரு தடவை ஆற்றினாள்.

மருமகளுக்கே பொறுக்கவில்லை. "அத்தை, பொது மயானம்னா பெரியவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். எப்பேர்ப்பட்ட பக்திமானா இருந்தாலும், அங்கே புதைச்சா ஒரு பிரார்த்தனை கிடையாது. நல்லா யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சாச்சு."

"நம்ம ஜனம் ஒருத்தர்கூட இல்லாத இடத்துல, மாமா ஒண்டியாக் கிடக்கணுமா? கல்நெஞ்சு அத்தை உங்களுக்கு!"

அத்தை பால் டம்ளரை அவள் கையில் கொடுத்தாள். கதவைத் திறந்துகொண்டு ஹாலுக்குப் போனாள்.

"ஐயா, என் வீட்டுக்காரர் எதுவும் சொல்லலை. உங்களைக் காக்க வெச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க."

பெரியவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மகன் கடுகடுவென்று செல்போனை எடுத்து, பொது மயானத்துக் காவலாளியைக் கூப்பிட்டான். "ஆமாங்க, இன்னைக்கு சாயந்திரம்... எந்த மூலையா இருந்தாலும் பரவாயில்லை..."

"மூலையெல்லாம் வேண்டாம்டா" என்று அத்தை அவன் தோளைத் தொட்டாள். "பக்கத்துல எனக்கும் இடம் விட்டுத் தோண்டச் சொல்லு."