லெனாட் கண்டுபிடித்த விருந்தாளி

"உவதான் அந்த ஆள். பந்தயம் பிடிப்பமோ?" என்றான் லெனாட், உதடு அசையாமல்.

வரவேற்பு மேசையில் பக்கத்தில் நின்ற ஜெரோசன் எட்டிப் பார்த்தான். லொபியில், அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டித் தூசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மா ஒரு அம்மா அண்ணை."

"சும்மா அம்மாவோ? கொழும்பு விலாசம். தனிய வந்திருக்கிறா. ஞாயிறு வரைக்கும் நிக்கிறா. வந்த உடனை என்ன கேட்டவ தெரியுமே? 'லெனாட் எண்டவர் ஆர்?' எண்டு. ஹெட் ஒப்பிஸ் ஆள் இல்லையெண்டால் நான் மீசையை எடுக்கிறன்!"

கொம்பனிக்கு நாடு முழுக்க ஒன்பது ஹோட்டல்கள். வருடத்தில் ஒருமுறை தலைமையகத்திலிருந்து ஓர் ஆள், பேர் ஊர் சொல்லாமல், சாதாரண விருந்தாளிபோல வந்து தங்கி, எல்லாவற்றையும் நோட்டம் விட்டு அறிக்கை எழுதுவது வழக்கம். யாழ்ப்பாணத்து ஹோட்டலில் மனேச்சர் பதவி இரண்டு மாதமாகக் காலி. உதவி மனேச்சர் லெனாட்டுக்கு அந்தக் கதிரை வேண்டும். கதிரைக்காக மட்டுமில்லை, அபிகாயிலுக்காகவும்தான்.

உடுப்பிட்டிச் சேர்ச்சில் அறுவடை விழா ஏலம் நடந்தபோது, அபிகாயில் தூக்கிப் பிடித்த பூசணிக்காயை விட்டுக்கொடுக்காமல் கேட்டு வாங்கி, அதை மோட்டார் சைக்கிள் பெற்றோல் தாங்கியில் வைத்து அணைத்தபடி அச்சுவேலியில் தன் வீடு வரை ஓட்டிவந்த மனிதன் அவன். இப்போதும் சந்தையில் பூசணிக்காயைக் கண்டால் நெஞ்சு படபடக்கும். போதகர் மூலம் பெண் கேட்டு அனுப்பியாயிற்று. "விசாரிச்சுச் சொல்லுறம்" என்று பெண் வீட்டார் சொல்லி மூன்று வாரம். மனேச்சர் ஆகிவிட்டால் மாட்டேன் என்று யார் சொல்லப் போகிறார்கள்!

சனிக்கிழமை காலை இடியப்பத் தட்டை லெனாட்டே ஏந்திக்கொண்டு போனான். பதிவில் 'திருமதி டானியல்' என்றிருந்த அந்த அம்மா, கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். கொப்பி! லெனாட்டுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

"இரும் தம்பி. ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை உமக்கு?"

"எட்டு எண்டுதான் மேடம் எழுதியிருக்கு. நான் பதினாலுக்குக் குறையிறதில்லை."

பச்சைப் பொய். ஐந்து மணியடித்தால் அவனுடைய மோட்டார் சைக்கிள் அச்சுவேலி றோட்டில் பறக்கும்.

"குடிவகை?"

"மணந்தும் பாக்கிறதில்லை." இது மட்டும் உண்மை.

"ஞாயிறிலை சேர்ச்சுக்குப் போறனீரோ?"

அடேயப்பா, என்னமாய்க் கேட்கிறா! லீவு எடுக்கிற ஆளோ என்று பார்க்கிறா என நினைத்தான் லெனாட்.

"ஞாயிறிலைதானே மேடம் இஞ்சை சனம் கூட. கர்த்தர் விளங்கிக்கொள்ளுவார்."

உண்மையில் பாடகர் குழுவில் அவனுக்கு முன்வரிசை.

அந்த நேரம் பார்த்து அவனுடைய கைத்தொலைபேசி அடித்தது. அம்மா.

"தம்பி, போதகர் ஐயா இப்பதான் வந்திட்டுப் போறார். ஒரு அவசரக் கதை..."

"அம்மா, நான் டியூட்டியிலை நிக்கிறன். சும்மா சும்மா எடுக்காதேங்கோ!" என்று மேசைக்குக் கேட்கும்படி சொல்லி, பட்டென்று நிறுத்தினான். எவ்வளவு அழகாக வாய்த்தது!

திருமதி டானியல் பேனையை வைத்துவிட்டு அவனை உற்றுப் பார்த்தார்.

"நாளைக்கு ஒரு கலியாணம் முடிச்சு, மனிசிக்குப் பிள்ளை பிறக்கிற நேரமெண்டு வையும். இஞ்சை ஹோட்டல் முட்ட ஆக்கள். என்ன செய்வீர்?"

லெனாட் நிமிர்ந்து நின்றான். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன்போல இருந்தது அவனுக்கு.

"டியூட்டி முடிச்சிட்டுத்தான் மேடம் ஆசுப்பத்திரிக்குப் போவன். பிள்ளை எங்கை ஓடப்போகுது?"

அவர் பேனையை மறுபடி எடுத்தார். கொப்பியில் நெடுநேரம் எழுதினார்.

"நூற்றுக்கு நூறு!" என்று திரும்பிவந்து ஜெரோசனின் முதுகில் ஓங்கித் தட்டினான் லெனாட். "திங்கக்கிழமை என்னை மனேச்சர் எண்டு கூப்பிடப் பழகு. அடுத்த மாதம் உனக்குக் கலியாணச் சாப்பாடு."

ஞாயிறு மதியம் திருமதி டானியல் புறப்பட்டார். பெட்டியை லெனாட்டே கார்வரைக்கும் கொண்டுபோனான்.

"நல்லாப் பாத்துக்கொண்டீர் தம்பி, ஒரு குறையுமில்லை" என்றார் அவர். பிறகு, எதையோ நினைத்து வருந்துவதுபோல அவனுடைய கையை ஒருதரம் பிடித்து விட்டார். "மனதிலை பட்டதை இதிலை எழுதியிருக்கிறன். நான் போனாப்பிறகு பாரும்."

ஹோட்டலின் கருத்து அட்டைதான் அது. கார் வாசலைத் தாண்டியதும் லெனாட் வேலையாட்களையெல்லாம் மேசையடிக்குக் கூப்பிட்டு, தொண்டையைச் செருமி, உரக்க வாசித்தான்.

"அறை, மிக நன்று. சாப்பாடு, மிக நன்று. ஊழியர் சேவை, மிக மிக நன்று! பாத்தியளே, ஒரு 'மிக'வைத் தன்ரை கையாலை கூட்டி எழுதியிருக்கிறா!"

எல்லோரும் கைதட்டினார்கள். கடைசிக் கேள்வி மிஞ்சியிருந்தது: 'எங்களைப் பற்றி உங்கள் உறவினர்களிடம் என்ன சொல்வீர்கள்?' அதற்குக் கீழே இருந்ததை வாசிக்கத் தொடங்கிய லெனாட்டின் குரல் பாதியிலேயே இறங்கிப்போனது.

'ஹோட்டல் திறம் எண்டு உடுப்பிட்டியிலை இருக்கிற என்ரை தங்கச்சிக்குக் கட்டாயம் சொல்லுவன். ஆனால் பிள்ளை பிறக்கேக்கையும் பக்கத்திலை நிக்காத உமக்கு அவவின்ரை மகள் அபிகாயிலைக் குடுக்கச் சொல்லி, பெரியம்மா நான் சொல்லமாட்டன்.'