பக்கத்து இருக்கை

கண் மங்கியதால் தேவசகாயம் தன் பழைய கறுப்புக் காரை பக்கத்துத் தெரு இளைஞன் பெனடிக்ட்டுக்கு விற்றார். அதைக் கிளப்பும் சூட்சுமத்தை மட்டும் சொல்லவில்லை: சோக் குமிழைப் பாதி இழுத்து, ஸ்டியரிங்கில் செல்லமாக ஒரு தட்டு. வேறு யாருக்கும் அது மசியாது என்று நம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கார் அவர் வாசலிலேயே வந்து நின்றது.

“ஏறுங்க அங்கிள், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.”

முதல்முறையாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பெனடிக்ட் சாவியைத் திருகியதுமே கார் கிளம்பிவிட்டது.

“மக்கர் பண்றதில்லையா?”

“ஒருநாள்கூட இல்லையே. ஏன், உங்ககிட்ட பண்ணுச்சா?”

“சேச்சே.”

செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து, காலடியில் இருந்த பெட்ரோல் குழாயின் திருகைச் சத்தமில்லாமல் மூடினார். குழாயில் மிச்சமிருப்பதைக் குடித்துக்கொண்டு கார் தெருமுனைவரைதான் ஓடும்.

நிமிர்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு காத்திருந்தார்.