சாப்பிட்டியா கண்ணா?

"'முட்டி வலி எப்படிம்மா இருக்கு?'ன்னு கேட்டிருக்கான் சார்!"

செல்போனை அதிகாரியிடம் நீட்டினாள் அவள். எல்லை தாண்டிப் போய் வெடிகுண்டுக் கும்பலில் சேர்ந்தவனிடமிருந்து மூன்று வாரம் கழித்து வந்த பதில் அது.

"முட்டி கிடக்கட்டும். தலைவன் எங்கே பதுங்கியிருக்கான்னு கேளுங்க."

"நல்லா சொன்னீங்க போங்க! எடுத்த எடுப்புல அதைக் கேட்டா அவன் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டான்."

பயங்கரவாதத் தடுப்புப் பிரிவின் அந்தச் சின்ன அறையில் இரண்டு வருடமாக இதே தகராறுதான். அவர் பார்க்காமல் ஒரு வரிகூடப் போகக் கூடாது. அவள் எழுத எழுத அவர் வெட்டிக்கொண்டே வருவார். 'சாப்பிட்டியா கண்ணா?' என்பதில் மட்டும் அவள் கை வைக்க விடமாட்டாள்.

அன்றும் எழுதினாள். 'சாப்பிட்டியா கண்ணா? முட்டி வலி அப்படியேதான் இருக்கு. போதும், வந்துடு. உன்னை ஒரு தடவை பார்த்தா போதும்.'

அதிகாரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டே அனுப்பினார். சாயங்காலம் 'வர்றேன்' என்று ஒரே வார்த்தை வந்தது. செல்போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் அழுதுவிட்டாள்.

நான்காம் நாள் எல்லைச் சாவடியில் சரணடைந்தவனை அழைத்து வந்தார்கள். மூன்று நாடுகளில் இருந்த கூட்டாளிகளின் பெயர்களையெல்லாம் வழியிலேயே சொல்லிவிட்டானாம்.

"நீங்க கிளம்புங்க. இனி நாங்க பார்த்துக்கறோம்," என்றார் அதிகாரி.

"கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ஞ்சு போனவ நான் சார். முகத்தைப் பார்த்துட்டுப் போயிடறேன்."

"சொன்னா கேளுங்க. அவன் தாங்க மாட்டான்."

அதற்குள் கதவு திறந்தது. கன்னம் ஒட்டிப்போய் நின்றான். அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேசினான்.

"எங்கம்மா செத்து ரெண்டு வருஷமாச்சு. அன்னிக்கே எனக்குச் சேதி வந்துடுச்சு. அதுக்கப்புறமும் அவங்க போன்லேர்ந்து யாரோ சாப்பிட்டியான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. போலீஸ்தான்னு தெரியும். ஆனா என்னைக் கேக்க வேற யாரு இருக்கா? அது யாருன்னு பாக்கத்தான் வந்தேன்... உங்களுக்கு நிஜமாவே முட்டி வலியா?"