ஏழு மீட்டர் போதும்

ஹௌகஸ்டோல் ரயில் நிலையத்துக்குக் கீழே, உறைந்த ஏரி வெயிலில் கண்ணைக் கூச வைக்கிறது. பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு, தன்னை இழுத்துப் போகவேண்டிய ஏழு மீட்டர் பட்டத்தை விரிக்கிறாள் குன்வோர். "இது என்ன கைக்குட்டையா? கடல்ல பலகையில போறப்ப இந்தக் காத்துக்குப் பன்னெண்டு மீட்டர் பட்டந்தானே புடிப்போம்," என்கிறான் கணவன் தார்யே. பனியில் பட்டம் பிடிப்பதில் இருவருக்கும் இதுதான் முதல் நாள். "தண்ணி ஆளப் புடிச்சு நிறுத்தும். பனி வழுக்கிவிட்டுரும்," என்கிறாள். அவன் கேட்பதாக இல்லை. அவனுடைய பெரிய பட்டம் எழும்பிய வேகத்தில் அவனைக் குப்புறத் தள்ளி இழுத்துப் போகிறது. பிடியை விட்டுவிட்டு, தாடி நிறையப் பனியோடு எழுந்து உட்காருகிறான். அவளுடைய சிவப்புப் பட்டம் விம்முகிறது, கட்டைகள் சீறுகின்றன. அக்கரை வரை போய், பனித்தூள் பறக்க அவன் முன்னால் வளைந்து வருகிறாள். "அந்தக் கறுப்புப் பையத் தெற. ஒம்பது மீட்டர் இருக்கு. உன் எடைக்குப் பாத்து நேத்தே எடுத்து வச்சுட்டேன்." பதிலுக்கு நிற்காமல் மறுபடி காற்றில் சாய்கிறாள்.