விலைபோகாத வீடு

பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டிய எங்கள் தெருவில், பக்கத்து வீடு மட்டும் விலைபோகவில்லை. ஆள் இருப்பதுபோல் தெரிய, கட்டியவர் கொடுத்த சாவியோடு தினமும் சாயங்காலம் அங்கே போய் விளக்குப் போடுவது என் வேலை. வீடு விற்காததால், அதைக் கட்ட அவர் வாங்கிய கடனைப் போன வாரம் மாநகராட்சியே அடைத்துவிட்டது.

"ஆளில்லாத வீட்டுக்கு அள்ளிக் குடுக்கறாங்க. தவணை கட்டியே தேயற நம்மள யாரு கேக்கறா?" என்று கணவர் பொருமினார். எனக்கும் வயிறு எரிந்தது.

இன்று சாவியோடு போனேன். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். உள்ளே என் கணவரும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் ஏதோ சொல்ல, என் முகத்தோடு உள்ளே இருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது.

அவள் ஜன்னலுக்கு எழுந்துவந்து, என்னைத் தாண்டி எங்கள் வீட்டைப் பார்த்தாள்.

"பாவங்க, பக்கத்து வீடு இன்னும் விக்கல போல" என்றபடி திரையை இழுத்துவிட்டாள்.